இரண்டு விரல் தடிமன்

காலை 10.10. பர்கர் கடையின் சமையலறையில், சமையல்காரர் ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் கடைச் சாவி.

"ஒன்பது வருஷம் நம்பினேன் மேடம். கறியக் கிள்ளிக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்காரு. இன்னிக்கோட கணக்கு முடிஞ்சுது," என்றார் முதலாளி.

"ஒரு துணுக்குகூட எடுக்கலீங்க," என்றார் சமையல்காரர்.

படத்தில் இருப்பதைவிடக் கறி மெலிதாக இருக்கிறது என்ற வாடிக்கையாளர் புகாரை விசாரிக்க வந்திருந்த எடையளவு ஆய்வாளர் சுவரைப் பார்த்தார். ஆளுயர விளம்பரப் படம். பன்னுக்குள் வைக்கும் வட்டக் கறித்துண்டைக் கடையில் பேட்டி என்பார்கள். படத்தில் அது இரண்டு விரல் தடிமன். கடையில் தட்டில் வைத்துக் கொடுப்பதோ ஒரே விரல்.

"படத்துக்கு எவ்வளவு கறி?"

"அதே நூத்தி இருபது கிராம். என் கண்ணு முன்னாடி நிறுத்தோம். கேளுங்க மேடம், இவரு..."

"முதல்ல பேட்டிய எடுங்க. உங்க பேட்டிய அப்புறம் எடுக்கறேன்."

சமையல்காரர் வளைய அச்சில் தட்டி வைத்திருந்த ஆறு பச்சைப் பேட்டிகளும் தராசில் ஏறின. ஒவ்வொன்றும் 120 கிராம்.

"நீங்க வர்றது தெரிஞ்சு சரியாப் போட்டிருப்பாரு," என்றார் முதலாளி.

"அப்ப இதைச் சுட்டா படத்துல இருக்கற மாதிரி வரணுமே?"

சுட்டார்கள். ஒரு விரல்தான்.

ஆய்வாளருக்கு உற்சாகம் பிறந்தது. கறியும் களிமண்ணும் இந்த விஷயத்தில் ஒன்று: உருண்டையைத் தட்டினால் அகலும், மெலியும், தடிமன் வேண்டுமென்றால் அகலம் குறையும். ஆனால் படப்பிடிப்பிலும் இதே வளைய அச்சுதான் என்றார் முதலாளி. எடை ஒன்று, அகலம் ஒன்று. தடிமன் மட்டும் எப்படி இரட்டிப்பானது?

10.45. விளம்பரப் படத்தை எடுத்த முதலாளியின் மைத்துனன் மடிக்கணினியுடன் வந்தான்.

"ஒரு கிராம்கூடக் கூட்டல மேடம். சத்தியமா."

"நம்பறேன். தக்காளி எத்தனை வட்டம்?"

"ரெண்டு."

"படத்தைப் பெரிசாக்குங்க."

பெரிதாக்கினான். ஆய்வாளர் பேனா முனையால் எண்ணினார். சிவப்பு விளிம்புகள் நான்கு.

"படமெடுத்த அன்னிக்கு, எடை போட்டதுக்கு அப்புறமும் நீங்க இங்கயேவா இருந்தீங்க?" என்று முதலாளியிடம் கேட்டார்.

"போன் வந்துச்சு. வெளிய போயிட்டேன்."

"நாங்க அழகுபடுத்தறது வழக்கம்தான் மாமா," என்றான் மைத்துனன் அவசரமாக.

ஆய்வாளர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பேட்டியின் நட்டநடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு சாஸ் கோடு.

"சாஸ் எப்படிப் போகும்?" சமையல்காரரைக் கேட்டார்.

"கீழ வழியும்மா."

"இது படுத்துக் கிடக்கே. தம்பி, எதை மறைக்க இந்தப் பூச்சு?"

மைத்துனன் மூக்கைச் சொறிந்தான்.

11.05. ஆய்வாளர் சுட்ட பேட்டியை நடுவில் வெட்டினார். இரண்டு அரைவட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, வளைந்த பக்கம் முன்னால் தெரியும்படி பன்னில் வைத்தார். தக்காளி வட்டங்களையும் பாதியாக்கி அப்படியே அடுக்கினார். மேல் பன் பின்னால் சரிந்தது. மடித்த அட்டையொன்றை முட்டுக்கொடுத்தார். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் சாஸ் தடவினார். முன்னாலிருந்து பார்த்தால், சுவரில் இருந்த அதே பர்கர்.

"இப்ப பின்னால விரலை விடுங்க."

முதலாளி விட்டார். கறி தட்டுப்படவில்லை, அட்டைதான் தட்டுப்பட்டது. அவர் ஏப்ரனை எடுத்து, மடிப்பை நீவி, சமையல்காரரிடம் நீட்டினார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்ப கறியத் திருடுனது யாரு?"

"யாருமில்ல. பின்பாதியத் தூக்கி முன்பாதிமேல வெச்சது உங்க மைத்துனர். அதனாலதான் எடை அதே எடை, அகலம் அதே அகலம், தடிமன் மட்டும் ரெண்டு மடங்கு."