தொட்டில் அறையின் பின்சுவர்

எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. அழும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும்போது வாயிலிருந்து வருமே, "ஷ்ஷ்... ஷ்ஷ்..." என்று, அந்தச் சத்தம். கைடு திரும்பிப் பார்த்தாள். அன்றைய கடைசிக் கூட்டம் அது. கைக்குழந்தையோடு வந்தவர் யாருமில்லை.

அரண்மனையைப் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து அவள்தான் அங்கே கைடு. பல காலம் பூட்டிக் கிடந்த மாளிகையின் வரலாற்றைக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொட்டில் அறைக்கு வந்தால், இளவரசனுக்குப் பால் கொடுத்த தாதியின் கதை. "ராணியோட வைர மாலையைத் தூக்கிட்டு, குதிரைக்காரன்கூடக் கம்பி நீட்டிட்டா. பெத்த பிள்ளையை முற்றத்துல மறந்துட்டுப் போனவ, மாலையை மட்டும் மறக்கல பாருங்க," என்பாள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

தாதி எங்கும் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். புதுப்பிக்கும் வேலையின்போது அந்த அறையின் பின்சுவரில் ஓட்டை போட்டுப் பார்த்த கொத்தனார், முகம் வெளிறிப்போய் அவளிடம்தான் முதலில் வந்தார். "நிக்க வச்சே பூசியிருக்காங்கம்மா. உள்பக்கம் பூரா நகக் கீறல்."

அரண்மனையின் வாரிசு அலட்டிக்கொள்ளவே இல்லை. "மாலையை எடுத்தது எங்க கொள்ளுத்தாத்தா. பழி அவ மேல விழுந்துச்சு. இதைச் சொன்னா டிக்கெட் வாங்கிட்டு யாரு வருவா? அப்படியே மூடிடுங்க. ஓடிப்போனதாவே சொல்லுங்க."

எலும்புகளை உள்ளேயே வைத்துப் பூசினார்கள். அவளும் தலையாட்டினாள். பிள்ளையை மறந்தாள் என்கிற அந்த வேடிக்கையை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அது அவளே சேர்த்தது.

கூட்டம் கலைந்ததும் சன்னல்களைச் சாத்தத் திரும்பி வந்தாள். சாயங்கால வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் முற்றம்; கணவன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும் நேரம்; இன்னும் பால் மறக்காத மகள், காத்திருக்க மாட்டாள் என்று நினைத்தபடியே கொக்கியைப் போட்டபோது, ஈரச் சுண்ணாம்பு வாசமும் அதற்கடியில் துணியில் காய்ந்து புளித்துப்போன பாலின் வாடையும் மெல்ல எழுந்துவந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டன.

"ஷ்ஷ்... ஷ்ஷ்..."

சுவருக்குள்ளிருந்துதான். அவளுக்கு மார்பு கனத்தது. தானாகவே பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

முற்றத்தில் மகள் அழத் தொடங்கினாள். ஓட நினைத்தாள். கால் எழவில்லை. சுவரில் எப்போது கை வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பூச்சு வெதுவெதுப்பாக, மனிதத் தோல்போல இருந்தது.

"தப்புதான்," என்றாள். "நாளைக்கே உண்மையைச் சொல்லிடறேன். என் பொண்ணு அழறா. விட்டுடு."

"என் பிள்ளையும்தான் அழுதுச்சு," என்றது சுவர். அவளுடைய குரலிலேயே.

விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு. முழங்கை. கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறையச் சுண்ணாம்பு.

இருட்டு. நிமிர்ந்து நிற்க மட்டும் இடம். தோளுக்குப் பக்கத்தில் எலும்பு. கத்தினாள், அது அவளுக்கே கேட்கவில்லை. வெளிச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவளுடைய செருப்பு, அவளுடைய நடையில், படியிறங்கிப் போனது.

"ஏன் இவ்வளவு நேரம்? அழுது தீர்த்துட்டா," என்றான் கணவன்.

"இனிமே அழ விடமாட்டேன். கொடுங்க இப்படி." அவள் குரல்தான்.

மகளின் அழுகை சட்டென்று நின்றது. பிறகு பால் குடிக்கும் சத்தம். அவசரமாக, ஆசையாக. நடுவில் ஒருமுறை அந்தச் சத்தம் நின்றது; மேலே இருந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தை சிரிப்பது கேட்டது.

"அம்மா," என்றது.