மகிழினியின் காதைக் காணோம்

சனிக்கிழமை காலை பத்து மணி. டோல்கேட் பக்கத்தில் இருக்கும் காது பரிசோதனை நிலையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வேம்பு உள்ளே வந்தாள். ஒரு கையில் மகள் மகிழினி. மறு கையில் சின்ன வெள்ளை டப்பா. அதை மேசைமேல் வைத்து மூடியைத் திருகித் திறந்து காட்டினாள்.

"பாருங்க மேடம். காலியா கீது."

செவித்திறன் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் மகிமா எட்டிப் பார்த்தாள். ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் மட்டும் கிடந்தன.

ஆறு வயது மகிழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வருடத்துக்கு முன் அரசுத் திட்டத்தில் அறுவை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். அது மட்டும் போதாது. காதுக்குப் பின்னால், வெளியே, கோட்டுப் பொத்தான் அளவில் கறுப்பாக இன்னொரு கருவி வேண்டும். உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். தலையில் வைத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பொத்தான் இருந்தால் அம்மா குரல் உண்டு, பள்ளிக்கூட மணி உண்டு. இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இன்னொன்று வாங்குவதெல்லாம் வேம்பு கனவிலும் நினைக்க முடியாத காரியம்.

மகிமா ராயபுரத்து மளிகைக் கடைக்காரர் தவசிமுத்துவின் மகள். யார் சோப்பை இடுப்பில் செருகுகிறார்கள் என்று கல்லாவில் இருந்தபடியே கண்டுபிடிக்கிறவர் அவர். அந்தக் கண் மகளுக்கும் வாய்த்திருந்தது.

"கடைசியா எப்ப பார்த்தே, வேம்பு?"

"ராத்திரி படுக்கறச்சே நான்தான் கயட்டி டப்பால போட்டேன்."

"கதவு?"

"உள்தாப்பா. எதிர்வூட்டு பிலோமியக்கா கூட வரல. காலைல அவரு வேலைக்குப் போனாரு, நான் திரும்ப தாப்பா போட்டேன். கொயந்தைக்கு மாட்டலாம்னு டப்பாவ எடுத்தா காலி."

"எடுக்கும்போது மூடி திறந்து கிடந்ததா?"

"இல்ல மேடம். இறுக்கமா திருகி வெச்சிருந்துச்சு."

மகிமா மூடியை ஒருமுறை திருகிப் பார்த்தாள்.

"வூட்ல மூணே பேரு. நானு, இவ, அவரு." வேம்புவின் குரல் உடைந்தது. "அவருதான் மேடம். ஆபரேஷனே வேணாம்னு குதிச்ச மனுசன். இத்தினி நாள் பேசாத புள்ள அப்பா அப்பான்னு பின்னாலயே ஓடுது. திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. இவமேல பாசமே இல்ல அவருக்கு. எங்கயோ தூக்கி எறிஞ்சிட்டாரு."

கருவி போனதைவிட இதுதான் அவளை அரித்தது.

தீனா வந்து சேர்ந்தான். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டர். மனைவியின் போனைக் கூட்டாளி ஒருவன் எடுத்து விஷயத்தைச் சொன்னதும், வேலையில் கையே வைக்காமல், பையோடு திரும்பியிருந்தான். அதே யார்டுத் தொழிலாளர்களின் செவித்திறனைப் பற்றி மகிமா ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தாள். பரிசோதனை நாள் என்றாலே காணாமல் போகிற ஆட்களில் இவனும் ஒருவன்.

வேம்பு பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். சாப்பாட்டு டப்பா, கையுறை, அழுக்குச் சட்டை. முகத்துக்கு மாட்டும் வெல்டிங் ஷீல்டைக் கவிழ்த்து, நன்றாக உதறினாள். ஒன்றும் விழவில்லை.

"எங்க வெச்சே? சொல்லு!"

"சத்தியமா தெரியாது வேம்பு. என் கொயந்தை பொருள நான் எடுப்பனா?"

மகிமா அலமாரிப் பக்கம் திரும்பி, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டே கேட்டாள். "டப்பாவைக் கடைசியாத் தொட்டது யாரு, தீனா?"

தீனா குனிந்து தரையில் கிடந்த கையுறைகளைப் பொறுக்கினான்.

"பாருங்க மேடம், வாயே தொறக்கல!"

மகிமா திரும்பி, அதையே அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் தொடவே இல்ல மேடம்," என்றான் உடனே. "காலைல நான் கண்ணு முயிக்கும்போது பாப்பா என் தலமாட்டுல குந்திகினு இருந்தா. காதாண்ட தடவிக் குடுத்துகினு இருந்தா. வேம்பு அந்தாண்ட டீ போட்டுகினு இருந்துச்சு. அவ்ளோதான் தெரியும்."

"டப்பாவைத் திறந்தா மறுபடி மூடுவீங்களா?"

"அவரா?" வேம்பு கண்ணீரோடே சிரித்துவிட்டாள். "ஊறுகா பாட்டிலக்கூட மூடினதில்ல இந்த மனுசன்."

மகிமா காகிதத்தில் கறுப்பாக ஒரு பொத்தான் வரைந்து மகிழினியிடம் காட்டி, எங்கே என்று கையை விரித்தாள். மகிழினி அப்பாவை நோக்கி விரலை நீட்டினாள். முகத்தைக்கூட அல்ல, சற்றுப் பக்கவாட்டில், அவன் காதை. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அவளே காட்டிக் குடுத்துட்டா!" என்றாள் வேம்பு.

"ஆமா, காட்டிக் கொடுத்துட்டா," என்றாள் மகிமா. "ஆனா அப்பாவை இல்ல. தன்னைத்தான். எடுத்தது மகிழினி."

மகிமா ஷீல்டை எடுத்தாள். தலைப்பட்டையின் பக்கத்துத் திருகு உடைந்துபோய், தீனா அந்த இடத்தில் இரும்பு போல்ட் போட்டிருந்தான். வியர்வைக்காகச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். போல்ட் தலைமேல், காதுக்கு நேராக, கறுப்புப் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். டப்பென்று வந்தது.

"உதறினா விழும்னு நினைச்சோம். காந்தம் இரும்பை விடுமா? மூடியை இறுக்கினது யாருன்னு யோசிங்க. மூடலேன்னா மணியெல்லாம் ஈரமாயிடும்னு இவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இவ அதை ஒருநாளும் மறந்ததில்ல. முதல்ல தூங்குற அப்பா தலையில ஒட்டிப் பார்த்திருக்கா. அவர் தலைக்குள்ள காந்தம் ஏது? நிக்கல. அப்புறம் அவர் காதுகிட்ட எது பிடிக்கும்னு தேடி, இதுல ஒட்டிட்டா."

"ஏன் மேடம்?" என்றாள் வேம்பு.

"அவளுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல. கூப்பிட்டா அப்பா திரும்பறதில்ல. கேட்காத காதுக்கு என்ன வேணும்? இந்தப் பொத்தான் வேணும். தன்னோடதைக் கொடுத்துட்டா."

மகிமா தீனாவின் எதிரே உட்கார்ந்தாள். "நான் திரும்பி நின்னு கேட்டப்ப மட்டும் நீங்க பேசல. எத்தனை நாளா இப்படி?"

தீனா தலைகுனிந்தான். "ரொம்ப வருசமா மேடம். சுத்தி கண்டெய்னர தட்டிகினே கீறாங்கோ. வெளிய சொன்னா, பின்னால வர்ற வண்டி இவனுக்குக் கேக்காதுன்னு மேஸ்திரி நிப்பாட்டிடுவான்."

"வண்டி மேல ஏறினா யாரு நிப்பாட்டுவா? உள்ள வாங்க. மேஸ்திரிகிட்ட நான் பேசறேன்."

தீனாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினாள். ஒலி கேட்டால் ஒரு வளையத்தைக் கூடையில் போட வேண்டும். வழக்கமாகக் குழந்தைகளுக்குச் செய்வதுதான். மகிழினி பொத்தானை மாட்டிக்கொண்டு மகிமாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

தடித்த ஒலிகளுக்கு வளையம் விழுந்தது. மெல்லிய கீச்சொலிகளுக்கும் விழுந்தது. மகிமா ஒலியைக் குறைத்தாள், அப்போதும் விழுந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்தில் பார்த்தாள். ஒலி விடும்போதெல்லாம் மகிமாவின் சோதனைக் கருவியில் மின்னும் பச்சை விளக்கைப் பார்த்து, கண்ணாடி வழியே அப்பாவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது குழந்தை.

ஒரே நாளில் இரண்டாவது திருட்டு! மகிமாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விளக்கைக் கையால் மூடிவிட்டு மறுபடி ஒலி விட்டாள். பலமாகவே விட்டாள். தீனாவின் கையில் வளையம் அப்படியே இருந்தது. அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேம்பு கண்ணாடியில் கையூன்றி அதைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து போய், அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"இத்தினி வருசமா திட்டிகினே இருந்தனே... ஒண்ணுமே காதுல வுயலயா?"

"நீ திட்டினது எல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு," என்றான் தீனா. "கொயந்த கூப்ட்டதுதான் கேக்கல."

வேம்பு சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவனுக்கு என்ன கருவி பொருந்தும், திட்டத்தில் எப்படி வாங்கலாம் என்று மகிமா சொல்ல ஆரம்பித்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. மகிழினி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டாள்.

"அப்பா."

தீனா அசையவில்லை. வேம்பு அவன் தோளைத் தொட்டாள்.

"கூப்புடுறா. திரும்பு."

திரும்பினான். மகிழினி அவன் முகத்துக்கு நேரே, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடி கூப்பிட்டாள்.

"இன்னா கண்ணு?" என்றான் தீனா.