தொட்டுப் பார், இருபதாயிரம் வோல்ட்!

ஹரிஷங்கரின் கைபேசி அடித்தது... திரையில் 'அம்மா'.

எடுக்க வேண்டியவன் தரையில் பிணமாகக் கிடந்தான். வலது கை விரல்கள் கருகியிருந்தன!

ஸ்ரீவராகத்தில் அவன் வீட்டுப் பின்கட்டு அறை. மேஜைமேல் அவனும் நண்பன் அழகியநம்பியும் சேர்ந்து செய்த லேசர். முழ நீளக் குழாய். உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு, நைட்ரஜன், ஹீலியம். பின்னால் கப்பாசிட்டர்கள். அவை இருபதாயிரம் வோல்ட்டைச் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் கொட்டினால், கண்ணுக்குத் தெரியாத கதிர் பாயும்! சுவரில் ஒட்டியிருந்த சாலைக் கடை பில்களில் கறுப்புப் பொட்டுகள்... கதிர் பட்ட இடங்கள்.

இன்ஸ்பெக்டர் விஜய்குமார் அறை வாசலில் நின்ற நம்பியைக் கேட்டார்.

"நீங்க உள்ளே போனீங்களோ?"

"இல்லே சார். நிலைப்படியைத் தாண்டலே. இங்கேருந்து பாத்தேன், உடனே போன் பண்ணினேன். சார்ஜை இறக்காமத் தொட்டுட்டான் போல... இல்லேன்னா..." குரல் தாழ்ந்தது. "அவன் வைஃப் திவ்யலட்சுமிக்கும் மெஷின் ஓட்டத் தெரியும். தினம் சண்டை சார்."

திவ்யலட்சுமி மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். துக்கம், பயம், எதுவுமே வரவில்லை அவளுக்கு.

விஜய்குமார் அவளிடம் வந்தார்.

"புருஷன் மரிச்சுக் கிடக்கார். ஒரு துளி கண்ணீர் இல்லையே மேடம்?"

"வரமாட்டேங்கறது."

"இது நடந்தப்போ எங்கே இருந்தீங்க?"

"கோவில்ல."

"சாட்சி உண்டோ?"

"இல்லே."

விலங்கு இவளுக்குத்தான் என்று கூட வந்த கான்ஸ்டபிளே முடிவு கட்டிவிட்டார்!

"மெஷினுக்குப் பின்னாடி பாருங்கோ சார்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

குனிந்தார். கப்பாசிட்டர் முனையில் ஒரு செப்புக் கம்பி தொங்கியது.

"அது எர்த் கம்பி," என்றாள், அதே தாழ்ந்த குரலில். "மிச்ச சார்ஜை இறக்கிடும். அது தொங்கறச்சே தொட்டா ஒண்ணும் ஆகாது. இவர் போனதுக்கு அப்புறம்தான் யாரோ மாட்டியிருக்கா."

விஜய்குமார் யோசித்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நம்பி சார்! இந்த கப்பாசிட்டரை நான் இப்போ தொட்டா ஷாக் அடிக்குமோ?"

"அடிக்காது சார், தைரியமா தொடுங்க. எர்த் கம்பி மாட்டியிருக்கு."

விஜய்குமார் வாசலுக்கு நடந்தார். நம்பியின் தோளோடு தோளாக நின்று பார்த்தார்.

மெஷின் தெரிந்தது. கம்பி தெரியவில்லை!

"நிலைப்படி தாண்டாத ஆளுக்கு அது எப்படித் தெரிஞ்சது?"

நம்பியின் முகம் வெளுத்தது.

"என் பேரை எடுத்துட்டு டிசைனை விக்கப் பாத்தான் சார்... ஒருத்தர் 'இறக்கியாச்சு'ன்னா அடுத்தவன் தொடுவான், அதான் எங்க பழக்கம். நான் இறக்காமலே சொன்னேன். தொட்டான்."

"அப்புறம் எதுக்குக் கம்பியை மாட்டினீங்க?"

"செத்துட்டானான்னு நாடி பாக்கணுமே... கம்பி மாட்டாம எப்படி சார் கிட்டே போறது?"

கைபேசி மறுபடி அடித்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் திவ்யலட்சுமி அதை அணைத்து வைத்தாள். அப்போதும் அழவில்லை.

விஜய்குமார் விலங்கை எடுத்தார்.

"லேப் ரூல் ஒண்ணையும் நீங்க விடலே, கேட்டோ! இதையும் மாட்டிக்கோங்க... இதுக்கு எர்த் வேண்டாம்!"