ஒட்டுப்பால் பந்து

ஏழுமலை கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்ட பந்து திரும்பி வந்தது. மழை நாளில் பூனையோடு அவன் விளையாடுவதே அப்படித்தான். அவன் உருட்டுவான், பூனை உள்ளே பாய்ந்து முன்னங்காலால் தட்டும், பந்து வெளியே வரும். ஆனால் பூனை அப்போது அடுப்படியில், விஜயகலாவின் காலுக்குப் பக்கத்தில், சாக்கின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"என்னங்க, பந்தை யாரு தள்ளிவிட்டா?"

"தரை சாய்வு புள்ள," என்றான். அவள் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் உருட்டினான்.

அந்த ஒற்றை அறைக் காம்பராவைக் கழுவுகிறவள் அவள்தான். வாசலில் ஒரு வாளி ஊற்றினாலும் தண்ணீர் கட்டிலுக்கு அடியில் ஓடித்தான் தேங்கும். விளக்குமாற்றால் தள்ளித் தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். சாய்வு உள்ளே போகிற சாய்வு.

பந்து மெதுவாக வந்து அவன் முழங்காலில் முட்டி நின்றது.

மூன்று நாளாக விடாத மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாவிட்டால் தோட்டத்து லயத்தில் எல்லாரும் வீட்டுக்குள்தான். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் யாரோ சமாதானப் பேச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேட்டரி இறங்கி அவர் குரல் இழுத்து இழுத்து வந்தது. ஈர விறகின் புகை, மரத்து வெட்டில் காய்ந்ததை உரித்து மூலைச் சாக்கில் போட்டிருந்த ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம், பூனை ரோமத்தின் வாடை, இவையெல்லாம் சேர்ந்து பகல் நாலு மணிக்கே இருட்டிவிட்ட அந்த அறையை நிறைத்திருந்தன.

இரண்டாம் தாரமாக அவள் வந்து எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் ஏழுமலை அவளிடம் பேசியதை ஒரு கையில் எண்ணிவிடலாம். தேத்தண்ணி குடு. உப்பு பத்தல. கதவைச் சாத்து. பூனை சூட்டியிடம் மட்டும் அவனுக்கு வேறு வாய், வேறு முகம். கயிற்று நுனியில் சிவப்புத் துணி கட்டி ஆட்டுவான். கம்பளிக்கு அடியில் கையை ஓடவிட்டு எலி காட்டுவான். பூனை எகிறி விழும்போது குழந்தை மாதிரி சிரிப்பான். ஒரு தரம் அவளும் கம்பளிக்குள் கைவிட்டு அசைத்துப் பார்த்தாள். பூனை அவள் கையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது. அவன் சிரிப்பும் நின்றுவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்த எரிச்சல் இன்னும் அணையவில்லை.

ஒரு பூனையிடம் தோற்றுப்போவதா?

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டபோது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பக்கத்துக் காம்பரா துஷ்யந்தி குடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து உங்க வீட்ல ஒரே சிரிப்பா இருந்துச்சு. புது மாப்பிள்ளை மாதிரி அண்ணன்!"

"பூனையோட சிரிச்சாரு."

"பூனையோடயா?" துஷ்யந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அதெல்லாம் உங்களுக்கு முன்ன இருந்த தங்கம்மாக்கா பழக்கிவிட்டது. அந்தப் பந்தே அவங்க சுத்தினதுதான். சீப்புல வர்ற முடியைச் சேத்துச் சேத்து உருட்டி, அதுக்கு மேல ஒட்டுப்பாலைச் சுத்துவாங்க. பால் கத்தி பட்டு சுண்டுவிரல் நுனி போன கைதான். அந்தக் கையால எவ்வளவு வேகமா சுத்துவாங்க தெரியுமா?"

"முடி எதுக்கு?"

"நம்ம வாசம் உள்ள இருந்தா பூனை வீட்டை விட்டுப் போகாதாம். புருசனும் போகமாட்டான்டினு சொல்லிச் சிரிப்பாங்க. பாவம், அந்தக் காய்ச்சல்ல போய்ச் சேந்தாங்க."

குடம் நிரம்பி வழிந்தது. விஜயகலா அதைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் ஏழுமலை அரிசி வாங்கத் தெரணியகலைக்குப் போனான். பஸ் மலை இறங்கும் சத்தம் தேயும்வரை காத்திருந்து அவள் கதவைச் சாத்தினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்தாள். பால் கத்தியால் கீறினாள். மரத்தின் வெட்டுக்காயத்திலிருந்து உரித்த மஞ்சள் நாடாக்கள், சுற்றுக்குமேல் சுற்று, சவ்வு மாதிரி உரிந்து வந்தன. நடுவே முடி. ஒரு பிடிக்குமேல் இருந்தது. தங்கம்மா செத்து இரண்டு வருஷம். முடியில் தேங்காயெண்ணெய் ஈரம் இன்னும் இருந்தது, இன்று காலைதான் தேய்த்த மாதிரி.

அதை அடுப்பில் போட்டாள். சுருண்டு சுருண்டு எரிந்தது. அந்த நாற்றம் கூரைவரை ஏறி நின்றது.

சுவர்ப் பொந்தில் சுருட்டி வைத்திருந்த தன் முடியை எடுத்தாள். உருண்டையாக்கினாள். சாக்கிலிருந்து புது ஒட்டுப்பால் எடுத்து இழுத்து இழுத்துச் சுற்றினாள். பழையதைவிடப் பெரிதாகவே வந்தது. இனி இது என் வாசம், என்று சொல்லிக்கொண்டாள். பூனையும் எனக்கு, அவரும் எனக்கு.

அவன் திரும்பி வந்தபோது மறுபடி மழை. நனைந்த சட்டையை உதறிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டாள். அவன் அதை ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான்.

"சூட்டி, வா."

பூனை வந்தது. முகர்ந்தது. அதன் முதுகு ரோமம் வரிசையாக எழுந்தது. பின்பக்கமாகவே நடந்து வாசல்வரை போய், மழையைப் பார்த்து ஒரு கணம் நின்று, மழைக்குள் இறங்கிப் போய்விட்டது. மழையில் கால் வைக்காத பூனை.

அவன் கூப்பிடவில்லை. பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டினான்.

காத்திருந்தான்.

பந்து வரவில்லை.

"என்ன, இன்னைக்குக் கோவமா?" என்றான் மெதுவாக. அந்தக் குரலை அவள் எட்டு மாதமாகக் கேட்டிருக்கிறாள். அது தனக்கு வராதா என்று ஏங்கியிருக்கிறாள்.

"யாருகிட்டங்க பேசுறீங்க?"

"சூட்டிகிட்டதான்."

"சூட்டி வெளிய போயிருச்சு."

அவன் கட்டில் பக்கம் குனிந்தான். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளும் கேட்டாள். மழைச் சத்தத்துக்குக் கீழே, கட்டில் பலகைக்குக் கீழே, ஒரு சின்னச் சத்தம். ஒட்டுப்பால் உரிபடும் சத்தம். நாடா நாடாக. பொறுமையாக. யாரோ நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி.

பிறகு அது நின்றது.

முகர்கிற சத்தம்.

அவளுக்குக் காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்க வேண்டும் போல இருந்தது. கால் வரவில்லை. பின்னலின் நுனி கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை ஏதோ தொட்டது.

தட்டியது. விட்டது. மறுபடி தட்டியது.

பூனை வந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

விரல்கள். நகக்கண்ணில் காய்ந்த பால் வெள்ளையாக ஒட்டியிருந்தது. முடி நுனியைச் செல்லமாகத் தட்டி உள்ளே இழுத்துக்கொண்டன. மறுபடி வெளியே வந்தன. சுண்டுவிரலுக்கு நுனி இல்லை.

அவள் ஏழுமலையைப் பார்த்தாள்.

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவையாக. கண் நிறைய. முகமெல்லாம் சிரிப்பு.

"அதுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு புள்ள," என்றான். "ஆட்டு. தலையை ஆட்டு. நிப்பாட்டாத. நிப்பாட்டினா அதுக்குப் பிடிக்காது."

அவள் ஆட்டினாள். இடமும் வலமும். மெதுவாக. பின்னல் ஆடியது.

அவன் கைதட்டிச் சிரித்தான். "ஆ, அப்படித்தான். அப்படித்தான் கண்ணு."

கீழே கை தாவித் தாவிப் பிடித்தது, விட்டது, பிடித்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மேலே.