சுரணைக்கு ஒரு வாக்கியம்

கிருஷ்ணஸ்வாமி சார் கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: சுரணை.

“தொட்டால் தெரிகிறதே, அது சுரணை. திட்டினால் உறைக்கிறதே, அதுவும் சுரணைதான். எங்கே, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள்” என்றார்.

கண்ணாயிரம் முந்திக்கொண்டு எழுந்தான். “எருமைக்குச் சுரணை இல்லை.”

“சபாஷ்.”

“எத்தனை திட்டினாலும் எங்க அண்ணனுக்குச் சுரணை வராது” என்றாள் அலமு. வகுப்பு சிரித்தது.

சாரும் சிரித்தார். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினார். “நான் ஒன்று சொல்கிறேன். அதோ நிற்கிறவனுக்குச் சுரணை இல்லை.”

இப்போது வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. வத்ஸலா மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே முற்றத்துக் கருங்கல்லில் தனசேகரன் நின்றுகொண்டிருந்தான். காலில் செருப்பில்லை. காஞ்சிபுரத்துப் பங்குனி வெயிலில் பதினொரு மணிக்கு அந்தக் கல்லில் அப்பளம் சுடலாம். தாமதமாக வந்தால் அரை மணி நேரம் அங்கே நிற்க வேண்டும். அதுதான் சாரின் சட்டம். இந்த மாதத்தில் அவன் அங்கே நிற்பது ஐந்தாவது தடவை.

அவன் வலது காலைத் தூக்குவான். அதை வைத்துவிட்டு இடது காலைத் தூக்குவான். வத்ஸலா வெகுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மடல் வரை கொதித்தது.

“வத்ஸலா, உன் வாக்கியம்?”

வத்ஸலா சாரின் மகள். வீட்டில் அவர் அப்பா, பள்ளிக்கூடத்தில் சார். மாற்றிக் கூப்பிட்டால் குட்டு விழும்.

அவள் எழுந்தாள். “கல்லில் நிற்கிறவன் காலை மாற்றி மாற்றி வைக்கிறான். அவனுக்குச் சுரணை இருக்கிறது. பார்த்துச் சிரிக்கிற நமக்குத்தான் இல்லை.”

சார் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார்.

“நமக்கு என்றால் யாருக்கு?”

“எனக்கு, இவாளுக்கு. உங்களுக்கும்தான், சார்.”

சாரின் முகம் சிவந்தது. “வெளியே போ. நீயும் போய் நில்லு.”

அவள் போய் நின்றாள். நின்ற அடுத்த நொடியே கண்ணில் நீர் முட்டியது. இதன் மேலா ஐந்து தடவை நின்றான்?

“நீ ஏம்மா வந்தே?” என்றான் தனசேகரன். “ஓரமா நில்லு. அங்க சூடு கொஞ்சம் கம்மியா இருக்குது.”

“நீ ஏன் அங்க நிக்கலை?”

“நின்னேன். நடுவுல நிக்கச் சொல்லிட்டாரு.”

வத்ஸலா பல்லைக் கடித்தாள்.

“இன்னிக்கு ஒரு நாள்தான்” என்றான் அவன். “நாளையிலேருந்து நான் வரமாட்டேன். தறிக்கு ஆள் வேணும்னு எங்க நைனா சொல்லிக்கினே இருக்குது. அதுக்கே போயிடலாம். கணக்கு மட்டும்தான் விட்டுப்போவும்.”

வகுப்பில் அவன் அளவுக்குப் பின்னக் கணக்குப் போட ஆளே கிடையாது. இந்தக் கல் அவனைத் துரத்துகிறது என்று நினைத்தபோது, வத்ஸலாவுக்குக் காலைவிட வயிறு அதிகமாக எரிந்தது.

சார் வாசலுக்கு வந்தார். மகள் காலை மாற்றுவதைப் பார்த்தார். “வத்ஸலா, போதும். உள்ளே வா.”

“இவன்?”

“உன்னைத்தான் கூப்பிட்டேன்.”

“சாரா கூப்பிடறேளா, அப்பாவா கூப்பிடறேளா?”

அவர் உள்ளே வரும்படி கையை மட்டும் ஆட்டினார்.

“சாரா இருந்தா ரெண்டு பேரையும் கூப்பிடணும். எனக்கு இன்னும் அரை மணி ஆகலை. அப்பான்னா, ஆத்துல வந்து பேசிக்கலாம். நான் வரமாட்டேன்.”

“என்ன பேச்சுடி இது?” அவளைக் கையைப் பிடித்து இழுத்து வர, சார் விடுவிடுவென்று முற்றத்தில் இறங்கினார். கோபத்தில் செருப்பை மறந்துவிட்டார்.

கல்லின் நடுவில் காலை வைத்தார். உடனே ஒரு காலைத் தூக்கினார். அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினார். பிறகு இரண்டையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரே தாவலில் நிழலுக்குப் போய் நின்றார்.

சன்னல் முழுக்கத் தலைகள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கக் கண்ணாயிரம் மேல்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

சார் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டார். வெகுநேரம் தேய்த்தார். பிறகு கேட்டார், “ஏன்டா லேட்டு?”

இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

“தெருவுல பாவு போட்டிருந்தோம் சார். பட்டு இழையைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிச் சீராக்கணும். ஒரு முனையை நான்தான் பிடிச்சிக்கினு இருந்தேன். நடுவுல இழை அறுந்துபோச்சு. முடி போடறவரைக்கும் கையை விட முடியாது சார். விட்டா அத்தனையும் சிக்காயிடும்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“நீங்க கேக்கல சார்.”

சார் தரையைப் பார்த்தார். “ரெண்டு பேரும் உள்ளே வாங்கோ” என்று சொல்லிவிட்டு, ஓரமாக நிழலிலேயே நடந்து போனார்.

அவர் தனசேகரனிடம் மன்னிப்புக் கேட்பார் என்று வத்ஸலா நான்கு நாள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்குத் தீரவும் இல்லை. ஆனால் தனசேகரன் நான்கு நாளும் வந்தான்.

ஐந்தாம் நாள் மணி அடித்து வெகுநேரம் கழித்து அவன் ஓடி வந்தான். மூச்சு வாங்க வாசலில் நின்றான்.

சார் பலகையிலிருந்து திரும்பவில்லை. “பாவு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.”

“வந்து உட்காரு. உனக்காகத்தான் கணக்கை இன்னும் ஆரம்பிக்கலை.”