கீச்சைப் பிடுங்கப் போன பல் டாக்டர்

இனி வருவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

புது ஸ்பீக்கரில் பாட்டை நிறுத்திய பிறகும் அதன் கீச்சு மட்டும் ஒரு கணம் தாமதித்து நின்றதைப் பல் டாக்டர் முதல் நாளே கவனித்துவிட்டார். கடையில் ஆர்டர் கொடுத்த மறுநாளே வாசலில் வந்து நின்ற இரண்டு ஸ்பீக்கர்களும் ஹாலில், இடுப்பு உயரத்துக்கு, கறுப்புத் துணி போர்த்தி, விருந்தாளிகள் மாதிரி நின்றுகொண்டிருந்தன. பாட்டு என்னவோ அருமைதான். ஆனால் பாடகி ‘ச’ என்று எடுக்கும்போதெல்லாம், தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல ஒரு கூர் கிளம்பி, காதுக்குள் நுழைந்து, கடைவாய்ப் பல் வரைக்கும் இறங்கிக் கூசியது.

“ஏங்க, ஹால் மொட்டையா கிடக்கு. அதான் சத்தம் சுவர்ல முட்டிக்கிட்டு வருது,” என்றாள் மனைவி. “தரைக்கு ஒரு கம்பளம், ஜன்னலுக்குக் கனமா ஒரு திரை. தானா அடங்கிடும்.”

“திரை போட்டா மறையும், போகாது. சொத்தைப் பல்லுக்குப் பவுடர் பூசச் சொல்றியா? வேரோட எடுக்கணும்.”

“எடுங்க, எடுங்க. எடுத்து முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. ஒண்ணு அது இருக்கட்டும், இல்லேன்னா நான் இருக்கேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிற ரகம் அவரல்ல. இன்று அந்தக் கீச்சை ஒழித்து அவளை வீட்டுக்கு வரவழைக்காவிட்டால் தான் டாக்டரே இல்லை என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

வெயில் சாயும் நேரம். போனில் பாட்டின் சத்தம் கோடு கோடாக எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. வலதுகோடியில் இருந்த கோடு ட்ரெபிள், கூர்ச்சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. அதைக் கொஞ்சம் கீழே இழுத்தார். கீச்சு மழுங்கியது. இன்னும் இழுத்தார். பாடகி பஞ்சு மெத்தைக்குள்ளிருந்து பாடுவதுபோல இதமாக, மெதுவாக, வாசனையைப்போலப் பரவினாள். அடிவரை இழுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் நகர்ந்தது. டிக் இல்லை.

சமையலறைக் குழாயிலிருந்து சொட்டியது. சொட்டு விழுந்த இடத்தில் ‘தொம்’ என்று ஒரு மந்தமான அதிர்வு, அவ்வளவுதான். காது அடைத்திருக்கும் என்று சுண்டுவிரலை விட்டு ஆட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதோரம் தேய்த்துப் பார்த்தார். தோல் உரசியது. உரசும் சத்தம் வரவில்லை. எங்கிருந்தோ ஈரத் துணியும் கருகிய வயரும் கலந்த ஒரு வாடை.

போன் அடித்தது. மனைவி.

“ம்... ங்ம்... ம்...” போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

“கீச்சு போயிடுச்சு. கிளம்பி வா,” என்றார். அவர் குரலும் வழுவழுவென்று, விளிம்பு இல்லாமல் விழுந்தது.

பிடுங்கினது கூடிப்போச்சோ? ட்ரெபிள் கோட்டைத் திரும்ப மேலே தள்ளினார்.

ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வரவில்லை. டிக், டிக் என்று கடிகாரம் வந்தது. பிறகு குழாய்ச் சொட்டு. பிறகு அவருடைய விரல்கள் உரசிய சத்தம். சற்றுமுன் இந்த வீட்டில் காணாமல்போனது எல்லாம், வரிசையாக, அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து. கடைசியாக ஒரு பெண்குரலின் கூர் மட்டும். இருபது வருஷம் கேட்ட குரல்.

கதவு திறந்தது. மனைவி. ஸ்பீக்கரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

அவளிடம் சத்தமே இல்லை.

அலறல் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்தது.

மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தார். அலறல் நிற்கவில்லை. வேறு யாராயிருந்தாலும் வேட்டி அவிழ ஓடியிருப்பார்கள். பல் டாக்டருக்கோ கோபம் தலைக்கேறியது. கிளினிக் பையைத் திறந்து பல் பிடுங்கும் குறடை எடுத்தார். பெட்டியின் முன்னால் மண்டிபோட்டார்.

“உன்ன மாதிரி எத்தனை வாயைப் பாத்திருப்பேன் தெரியுமா? அவ குரல மரியாதையா வெளிய எடு. இல்ல, நான் எடுப்பேன்.”

துணியைக் கிழித்தார். கறுப்புக் கூம்பு. ஈரம். விளிம்பு நெடுக அரிசி அரிசியாகப் பால்பற்கள். இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன.

குறடை விரித்துப் பிடித்தார்.

“ஆ காட்டு,” என்றார்.

காட்டியது. பெட்டியைவிட ஆழமாக, சுவரைவிட ஆழமாக, உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவர் கையை நுழைத்தார். முழங்கைவரை.

அது மெல்ல மூட ஆரம்பித்தது.

பல் டாக்டர் ஆர்டர் கொடுத்திருந்த ஸ்பீக்கர்கள் இரண்டும், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கப்படாமல், இன்னும் கடைக்காரரின் கிடங்கில்தான் இருக்கின்றன.