நீர் நிற்காத குழி

வாலு அப்படிப் படுக்கிற பிள்ளையே இல்லை. ஆறு வயதுக்கு அவள் தூக்கத்தில் போடுகிற ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. தலை ஒரு பக்கம், கால் அப்பாவின் மூக்கில், போர்வை கட்டிலுக்கு அடியில். அந்த மழை நாள் சாயங்காலம் சமையலறைத் தரையில் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, முகத்தைத் தோட்டத்துப் பக்கம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாளாக இதே மாதிரி. காய்ச்சலோ என்று அவளுடைய அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்ப் பானையின் அடிப்பக்கம் போலச் சில்லென்று இருந்தது.

கால்களை மெல்ல நீட்டிவிட்டாள். அவை அவசரமே இல்லாமல் மறுபடி மடங்கின.

டவுன் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்து ஐந்து வருஷம். உயரமான மரங்களுக்குக் கீழே கொய்யா, கொய்யாவுக்குக் கீழே கிழங்கு, நடுவே கொடிகள் என்று காடு மாதிரியே வளர்த்த தோட்டம். உப்பும் தீப்பெட்டியும் தவிர வெளியிலிருந்து எதுவும் வாங்குவதில்லை. மண் கொடுத்தது மண்ணுக்கே என்பது அவள் கணவனின் சட்டம். அடுப்புச் சாம்பல், காய்த்தோல், வெட்டிய தலைமுடிகூட மரத்தடிக்குத்தான் போகும். 'நகத்தையாவது விட்டுவைங்களேன்' என்று அவள் கிண்டல் செய்வாள்.

கொய்யா மட்டும் காய்க்காமல் அடம்பிடித்தது. போன வருஷம் மழைநீருக்குக் குளம் வெட்டும்போது அவன் ஒரு சாக்கு நிறைய எலும்பு கொண்டுவந்தான். செத்த மாட்டை யாரோ புதைத்திருக்கிறார்கள், நமக்கு நல்ல உரம் என்றான். அடுப்பில் சுட்டான். உரலில் இடித்துப் பொடியாக்கியது அவள்தான். அதற்குப் பிறகு கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்தது. மூன்று பேரும் தின்று, மிஞ்சியதை ஜாம் கிளறி முப்பது பாட்டிலில் அடைத்தாள். குளம்தான் குளமாகவில்லை. எத்தனை தடவை களிமண் பூசினாலும் அந்தக் குழி எவ்வளவு மழையையும் குடித்துவிட்டு ஈரம்கூடக் காட்டாமல் கிடந்தது.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கணவன் மண்வெட்டியோடு உள்ளே வந்தான். பிள்ளை மூன்று நாளாக முடங்கி முடங்கிப் படுக்கிறாள், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். வாலுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்போரம் நின்றிருந்தவன் திரும்பவில்லை.

"இடது கைய கன்னத்துக்கு அடியில வச்சிருக்காளா?"

கை எப்படி இருக்கிறது என்று அவள் சொல்லவே இல்லை. குனிந்து பார்த்தாள். வாலுவின் இடது கை கன்னத்துக்கு அடியில் இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கை கழுவினான். துடைத்தான். மறுபடியும் கழுவினான்.

"அது மாடு இல்ல," என்றான். "ஆளு. இப்படித்தான் படுத்திருந்துச்சு."

வெளியே சொன்னால் ஆட்கள் வருவார்கள், தோட்டத்தையே தோண்டிப் போடுவார்கள் என்று பயந்தானாம். திரும்ப மூடிவிடத்தான் நினைத்தானாம்.

"மூடியிருக்கலாம்ல?"

"வீணாக்க மனசு வரல."

அந்த உரல் கதவோரத்தில்தான் இருந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவனை வாய்க்கு வந்தபடி திட்டத் தோன்றியது, அதற்கு நேரமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான். பெரிய ரோடு அரை மணி நேர நடை. வாலுவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மாற்றுத்துணியும் டார்ச்சும் எடுக்க உள்ளறைக்கு ஓடினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது சமையலறையில் யாரும் இல்லை.

கதவு திறந்திருந்தது. மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. வாசல் சேற்றில் பெரிய கால்தடம் ஒன்று, பக்கத்தில் சின்னது. இழுத்துப் போன தடம் இல்லை. சேர்ந்து நடந்து போயிருக்கிறார்கள்.

வாலு, வாலு என்று கத்திக்கொண்டே ஓடினாள். பொழுது சாய்ந்திருந்தது, மரங்களுக்குக் கீழே வெளிச்சம் அதற்கு முன்பே போயிருந்தது. பழுத்த கொய்யாவின் வாசனை தொண்டையில் ஜாம் போல ஒட்டியது. ஈரக் கிளைகள் முகத்தில் அடித்தன. கால் வழுக்கியது. எழுந்தாள். தடம் குழியின் விளிம்பில் நின்றது.

டார்ச்சை அடித்தாள்.

இருவரும் உள்ளே இருந்தார்கள். ஓரத்தில் கணவன். எதிர் ஓரத்தில் வாலு. இருவரும் இடப்பக்கமாக. முழங்கால் நெஞ்சோடு. இடது கை கன்னத்தடியில். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழிக்குள் ஒரு சொட்டு நிற்கவில்லை.

குதித்தாள். வாலுவை அள்ளினாள். அசையவில்லை. வேர் விட்ட மாதிரி. வலது கையால் அந்தச் சின்ன முழங்காலைப் பிடித்து இழுத்தாள். "வாலு, அம்மாடி. எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

வாலு கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கக் குரலில்தான் பேசினாள்.

"நடுவுல உனக்கு இடம் விட்டிருக்கோம்மா."

இடம் இருந்தது. சரியாக அவள் அளவுக்கு.

அவளும்தான் தின்றிருந்தாள். எல்லாரையும்விட அதிகமாக, அழுகல் விழுந்ததைக்கூடக் கீறி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்றிருந்தாள்.

டார்ச் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். முழங்கால்கள் மடங்கின. நிமிர்த்தப் பார்த்தாள். இன்னும் மடங்கின. பக்கவாட்டில் சாய்ந்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. வலது கை இன்னமும் வாலுவின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

இடது கை மெதுவாக அவள் கன்னத்துக்கு வந்தது.